காரமான சீஸ் கீரை: முதன்முதலாக ஓவனில் சமைப்போருக்கு ஒரு வழிகாட்டி

சந்தையில் ஒரு கிலோ ஸ்பினாச் வாங்கினால் அது பையை நிறைத்து வெளியே தலைநீட்டும். அதே கீரையை வேகவைத்துப் பிழிந்து பார்த்தால் இரண்டு கைக்குள் அடங்கிவிடும். அந்த இலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். கீரையைப் பாலும் பட்டரும் சீஸும் சேர்ந்த கெட்டியான சோஸில் கலந்து, பச்சை மிளகாயும் மிளகும் உறைக்க உறைக்கச் சேர்த்து, மேலே பாண் தூள் தூவி ஓவனில் பொன்னிறமாக எடுக்கும் இந்தத் துணைக்கறியில், அந்தத் தண்ணீரை எங்கே வெளியேற்றுகிறோம் என்பதே முக்கால்வாசி வேலை. மற்றவை எல்லாம் பொறுமையாகச் செய்தால் யாருக்கும் கைவரக் கூடியவை.

இதை நான் அனுபவப்பட்டே கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், தலவாக்கலையில் எங்கள் வீட்டில் நத்தார் இரவுச் சாப்பாட்டுக்கு இதை முதன்முறையாகச் செய்தபோது, மேற்பரப்பு அழகாகச் சிவந்திருந்தது. கரண்டியை உள்ளே விட்டதும் ஓரமெல்லாம் பச்சைத் தண்ணீர் ஊறி வந்தது; சீஸ் ஒரு பக்கம் திரண்டு, கீரை ஒரு பக்கம் மிதந்தது. என் மதினி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “ருசி நல்லா இருக்கு தம்பி, ஆனா கீரையப் பிழியவே இல்லையே” என்றார். பிழிந்திருந்தேன், போதுமான அளவு பிழியவில்லை. மறுவாரம் அவரே பக்கத்தில் நின்று பிழியக் கற்றுக்கொடுத்தார். கீழே வரும் முறையில் அந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

எந்தக் கீரை

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இலங்கையில் கடைகளில் ‘ஸ்பினாச்’ என்று எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் கொடியாகப் படரும் பசளிதான். சிங்களத்தில் அதை நிவித்தி என்பார்கள். அதன் இலை தடித்து மினுமினுப்பாக இருக்கும், நறுக்கினால் கொழகொழப்பு வரும். சமையல் குறிப்புகளில் சொல்லப்படும் ஸ்பினாச் வேறொரு செடி. அது கொடியாகப் படராது. நிலத்தோடு ஒட்டிக் கொத்தாக வளரும், காம்பின் அடி சற்று இளஞ்சிவப்பாக இருக்கும், குளிரை விரும்பும். ஆகவே நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கொழும்புவாசிகளைவிட நல்ல இலை கிடைக்க வாய்ப்பு அதிகம். தை, மாசி மாதங்களில் நுவரெலியாவில் விடியற்காலை உறைபனி விழுந்த பின் வாங்குவதானால் இலையின் நுனியைப் பாருங்கள். பனி பட்ட இலை வெந்நீரில் போட்டெடுத்தது போலத் துவண்டு கறுத்திருக்கும். அது ஒரு நாள்கூடத் தாங்காது.

உண்மையான ஸ்பினாச் கிடைக்காவிட்டால் தோட்டத்து முளைக்கீரை நன்றாகவே பொருந்தும். பீட்ரூட்டின் இளம் இலையும் ஸ்பினாச்சின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ருசி மிக நெருங்கி வரும், சோஸ் மட்டும் சற்று இளஞ்சிவப்பாக மாறும். பசளியை மட்டும் வைத்துச் செய்ய நேர்ந்தால் பாலில் கால் பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அதன் கொழகொழப்பைப் பிழிந்து முழுவதுமாக எடுக்க முடியாது. முள்ளங்கி இலையை இதற்கு நான் சேர்ப்பதில்லை. அதன் கசப்பு பாலோடு ஒத்துப்போகாது.

எடுத்து வைக்க வேண்டியவை

ஆறு பேருக்குத் துணைக்கறியாகப் போதுமான அளவு இது. கீரை ஒரு கிலோ, பட்டர் 50 கிராம், மேல் தூளுக்கு இன்னொரு மேசைக்கரண்டி, கோதுமை மா இரண்டு மேசைக்கரண்டி, சற்றுக் கோபுரமாக, கெட்டியான பால் 250 மில்லிலீற்றர், துருவிய சீஸ் 175 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு ஐந்து பல், பச்சை மிளகாய் ஐந்து, இடித்த செத்தல் மிளகாய் ஒரு தேக்கரண்டி, புதிதாகப் பொடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, அரைத்த கடுகு அரைத் தேக்கரண்டி, துருவிய சாதிக்காய் இரு சிட்டிகை, ஒரு நாள் பழைய பாண் இரண்டு துண்டு, உப்பு.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்தில் மாடு வளர்ப்பவர்களிடம் பசும்பால் வாங்க முடிந்தால் அதைக் காய்ச்சி, மூன்றில் ஒரு பங்கு வற்றும்வரை கிளறி எடுத்துக்கொள்ளுங்கள். அது முடியாத வீடுகளில், தேநீருக்குக் கரைப்பதைப் போல இரண்டு மடங்கு பால்மாவை இளஞ்சூடான நீரில் கட்டியில்லாமல் கரைத்தால் அதே வேலையைச் செய்யும். சீனி சேர்த்த டின்பாலைத் தவறியும் எடுத்துவிடாதீர்கள்.

சீஸ் விடயத்தில் புதியவர்கள் வீணாகக் கவலைப்படுகிறார்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இதைப் போன்ற கறி மிகவும் பெயர் பெற்றது. 1956இல் அங்கே மடலின் என்ற பெண்மணி, மிளகாய் கலந்து உருளையாக விற்கப்பட்ட மலிவான பதப்படுத்திய சீஸை ஸ்பினாச்சோடு சேர்த்துச் செய்து பார்த்தார். 1959இல் அந்தச் செய்முறை அச்சில் வந்த பிறகு அவருடைய பெயராலேயே அது வழங்கலாயிற்று. பிற்காலத்தில் அந்தச் சீஸ் உருளையின் தயாரிப்பை நிறுத்திவிட்டதால், அங்குள்ளவர்களே சாதாரணச் சீஸில் மிளகாயைத் தனியாகச் சேர்த்துச் செய்யத் தொடங்கினார்கள். ஆகவே நம் ஊர்க் கடையில் கிடைக்கும் சீஸை எடுப்பதில் குறை எதுவும் இல்லை. பதப்படுத்திய சீஸ் பிரியாமல் வழவழப்பாக உருகும், செடார் வகை ருசியைக் கொடுக்கும். எனவே நான் இரண்டையும் பாதிக்குப் பாதி சேர்க்கிறேன். எது வாங்கினாலும் கட்டியாக வாங்கி வீட்டிலேயே துருவுங்கள். துருவி அடைத்து விற்கப்படும் சீஸில் ஒட்டாமலிருக்க மாப்பொருள் தூவியிருப்பார்கள்; அது சோஸை நறநறப்பாக்கிவிடும்.

காரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மிளகாயின் உறைப்பு தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். பாலிலுள்ள புரதமோ அந்த உறைப்பை நாக்கிலிருந்து கழற்றிவிடும். ஆகையால் சாதாரணக் கீரைக் கடையலுக்கு இரண்டு மிளகாய் போடுபவர்கள் இதற்கு ஐந்து போட வேண்டும், அதையும் பட்டரிலேயே வதக்க வேண்டும். சின்னக் கொச்சிக்காய் கைவசம் இருந்தால் இரண்டு போதும். மாத்தளை, கண்டிப் பக்கத்து மிளகையும் சாதிக்காயையும் முழுதாக வாங்கி அப்போதைக்கப்போது பொடித்தும் துருவியும் சேர்த்தால், பொட்டலத் தூளில் வராத வாசனை வரும்.

கீரையை வேகவைத்துப் பிழிதல்

மழைக்காலத்துக் கீரையின் காம்பிடுக்கில் செம்மண் ஒளிந்திருக்கும். ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, கீரையை அமிழ்த்தி அலசி, கீரையை மேலே அள்ளி எடுத்த பிறகே தண்ணீரைக் கொட்டுங்கள். தண்ணீரைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் திரும்பவும் கீரைமேலேயே விழும். மூன்று முறை இப்படிச் செய்ய வேண்டும். தடித்த காம்புகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள்.

அகன்ற பானையில் உப்புப் போட்ட தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, கீரையை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போடுங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், அங்கே ஒன்றரை நிமிடம் வைக்கலாம். கண்டியில் ஒரு நிமிடம் போதும். இலை துவண்டு நிறம் ஆழ்ந்தவுடன் எடுத்துக் குளிர்ந்த நீரில் போட வேண்டும். சமையல் நூல்கள் இதற்கு ஐஸ் கேட்கும். நமது மலைக் குழாய்த் தண்ணீரே விரல் விறைக்கும் அளவுக்குக் குளிர்ந்திருப்பதால் ஐஸ் தேவைப்படாது. சூடு அங்கேயே நின்றுபோவதால் கீரை பாசி நிறத்துக்கு மாறாமல் பச்சையாகவே இருக்கும். வேகவைத்த தண்ணீரையே சோஸில் சேர்ப்பவர்களும் உண்டு, நான் சேர்ப்பதில்லை. ஸ்பினாச்சைச் சாப்பிட்டதும் பல்லில் ஒரு கரகரப்பு ஏற்படுவதற்குக் காரணமான ஒக்ஸாலிக் அமிலத்தில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். சிறுநீரகக் கல்லுக்காகக் கீரையைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருப்பவர்கள், எப்படிச் சமைத்தாலும் இதைத் தவிர்த்துக்கொள்வதே நல்லது.

இப்போது பிழிதல். ஆறிய கீரையில் ஒரு தோடம்பழ அளவு எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். முதல் அழுத்தில் தண்ணீர் ஓடும், இரண்டாவதில் கொட்டும், மூன்றாவதில் சொட்டும். சொட்டத் தொடங்கியதும் போதும் என்று தோன்றும். அங்கேதான் நான் அன்று நிறுத்தினேன். மதினி எல்லா உருண்டைகளையும் ஒரு சுத்தமான பருத்தித் துணியில் வைத்து முடிந்து, ஒரு கையால் முடிச்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஈரத்துணியை முறுக்குவதுபோல் முறுக்கினார். இன்னும் அரைக் கோப்பைத் தண்ணீர் இறங்கியது, அதுவும் கடும் பச்சையாக. முடிச்சை அவிழ்த்தபோது கீரை ஒரு கட்டியாக இருந்தது. அதில் விரல் பதிந்த தடம் அப்படியே நின்றது, சுற்றிலும் ஈரம் கசியவில்லை. அந்த நிலைதான் அளவு. ஒரு கிலோ கீரையிலிருந்து 350 முதல் 400 கிராம் வரை கட்டி கிடைக்கும். அதற்கு மேல் நிறை காட்டினால் மறுபடி முறுக்குங்கள். பிறகு பலகையில் வைத்து நெடுக்காகவும் குறுக்காகவும் பொடியாக நறுக்கி, விரல்களால் உதிர்த்து வையுங்கள். உதிர்க்காமல் போட்டால் சோஸில் கட்டி கட்டியாக நிற்கும்.

சோஸ்

அடி கனத்த சட்டியை இளந்தீயில் வைத்துப் பட்டரை உருக்குங்கள். பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சிவக்கவிடாமல் ஐந்தாறு நிமிடம் வதக்கி, கண்ணாடிபோல் ஆனதும் பூண்டையும் பச்சை மிளகாயையும் பாதி செத்தல் மிளகாயையும் சேர்த்து ஒரு நிமிடம் கிளறுங்கள். அடுத்துக் கோதுமை மாவைத் தூவி இரண்டு நிமிடம் கைவிடாமல் கிளற வேண்டும். முதலில் பச்சை மா வாசனை வரும், பிறகு பேக்கரிப் பக்கம் போனால் வருமே அந்தப் பாண் வாசனை எழும்பும். அதுதான் பால் ஊற்றும் தருணம்.

பாலை இளஞ்சூடாக வைத்துக்கொண்டு மூன்று பங்காக ஊற்றுங்கள். முதல் பங்கு விழுந்ததும் எல்லாம் திரண்டு ஒரு கட்டியாகிவிடும். புதியவர்கள் இதைக் கண்டு பயந்து மிச்சப் பாலையும் ஒரேயடியாகக் கொட்டுவார்கள், அப்போதுதான் உண்மையிலேயே கட்டி பிடிக்கும். அந்தத் திரளை நன்றாக மசித்துக் குழைத்த பின்பு இரண்டாவது பங்கையும், அது கலந்த பின்பு மூன்றாவதையும் ஊற்றினால் வழவழப்பாக வரும். பிறகு நான்கைந்து நிமிடம் இளந்தீயில் விடுங்கள். கரண்டியின் முதுகில் படிந்த சோஸில் விரலால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும்.

சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சீஸைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும் சோஸில் போட்டால் சீஸின் புரதம் இறுகி, எண்ணெய் தனியே பிரிந்து, சோஸ் மணல் மணலாகிவிடும். பின்பு எதைச் செய்தாலும் சேராது. மிளகு, கடுகு, சாதிக்காய் ஆகியவற்றைக் கலந்து ஒரு நிமிடம் ஆறவிட்டு, ஒரு கைப்பிடிச் சீஸை மேலே தூவ ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியை மூன்று தடவையாகப் போட்டுக் கிளறுங்கள். கடைசியாகக் கீரையைச் சேர்த்துக் கலந்து, அதற்குப் பிறகுதான் உப்புப் பாருங்கள். சீஸிலேயே உப்பு இருப்பதால் பெரும்பாலும் ஒரு சிட்டிகைக்கு மேல் தேவைப்படுவதில்லை. கலவையைக் கரண்டியால் ஒதுக்கினால் சட்டியின் அடி ஒரு கணம் தெரிந்து, பிறகு மெதுவாக மூட வேண்டும். உடனே மூடிக்கொண்டால் தண்ணீர் மிச்சமிருக்கிறது என்று பொருள். இரண்டு நிமிடம் மிக மெல்லிய தீயில் கிளறி வற்றவிடுங்கள்.

ஓவனில்

பாணை உதிர்த்து, ஒரு மேசைக்கரண்டி பட்டரையும் மீதிச் செத்தல் மிளகாயையும் சேர்த்துப் பிசறிக்கொள்ளுங்கள். ஓவனை 190 பாகை செல்சியஸில் பதினைந்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். மாலையில் மின்னழுத்தம் குறையும் தோட்டப் பகுதிகளில் சிறிய மேசை ஓவன் சூடேறக் கூடுதல் நேரம் எடுக்கும் என்பதால், சிவப்பு விளக்கு அணையும்வரை காத்திருப்பதே சரி. சுமார் ஒன்றரை லீற்றர் கொள்ளும், ஆழம் குறைந்த தட்டில் பட்டர் தடவிக் கலவையைப் பரப்பி, ஒதுக்கிய சீஸையும் அதன்மேல் பாண் தூளையும் தூவுங்கள். கண்ணாடித் தட்டாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம் ஊர்க் குளிரில் அலுமாரியிலிருந்து எடுத்த சில்லென்ற தட்டைச் சூடான ஓவனுக்குள் வைத்தால் விரிசல் விழக் கூடும். வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்த பிறகு பயன்படுத்துங்கள்.

நடுத்தட்டில் வைத்து இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம் விட வேண்டும். ஓரங்களில் குமிழி எழும்புவதை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். நடுவிலும் மெல்ல அசைவு தெரிய வேண்டும். மேலே போதிய நிறம் வராவிட்டால் கடைசி மூன்று நிமிடம் மேல் கம்பியை மட்டும் எரியவிட்டு, கண்ணெடுக்காமல் நின்று பாருங்கள். எடுத்ததும் பத்து நிமிடம் ஆறவிட்டால் சோஸ் பிடித்துக்கொண்டு, கரண்டியில் அள்ளும்போது உருக்குலையாமல் வரும்.

ஓவன் இல்லாத வீட்டில்

லயத்து வீடுகள் பலவற்றில் ஓவன் இருக்காது. அதற்காக இந்தக் கறியை விட்டுவிட வேண்டியதில்லை. பெரிய, கனமான அலுமினியச் சட்டியின் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த மணலைப் பரப்பி, மேலே ஒரு வளையத்தையோ கவிழ்த்த சிறு தட்டையோ வைத்து, மூடிபோட்டுப் பதினைந்து நிமிடம் நடுத்தர நெருப்பில் சூடாக்குங்கள். கீரைக் கலவையை உலோகத் தட்டில் பரப்பி உள்ளே வைத்து மூடினால் முப்பது நிமிடத்தில் சூடேறிக் குமிழும். விறகு அடுப்பு உள்ளவர்கள் தட்டையான இரும்பு மூடியின் மேல் தணலை அள்ளி வைத்தால் மேற்புறமும் ஓரளவு சிவக்கும். காஸ் அடுப்பில் மேலே நிறம் வராது. அதற்குப் பாண் தூளைத் தனியாகத் தாச்சியில் பட்டரோடு பொன்னிறமாக வறுத்து வைத்துக்கொண்டு, பரிமாறுவதற்குச் சற்று முன் தூவுங்கள். மொறுமொறுப்பில் ஓவனில் செய்ததற்கு இது குறைந்ததில்லை. சில நாட்களில் இதுவே எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. மூடியின் உட்புறம் வியர்த்து நீர் சொட்டினால் எல்லாம் கெட்டுவிடும் என்பதால், மூடியை ஒரு துணியால் இறுக்கிக் கட்டி, துணியின் முனைகளை மேலே முடிந்துவிடுங்கள். தணல் வைப்பதாக இருந்தால் துணியைத் தவிர்க்க வேண்டும்.

முன்னதாகச் செய்து வைத்தல்

விருந்துக்குச் செய்பவர்கள் முந்தின இரவே கலவையைத் தட்டில் பரப்பி, ஆறியபின் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். ஒரு இரவு இருந்தால் மிளகாயும் சாதிக்காயும் சோஸில் நன்றாக ஊறி, அன்றே செய்ததைவிட ருசி கூடியிருக்கும். பாண் தூளை மட்டும் அப்போது தூவக் கூடாது, நமத்துப்போகும். மறுநாள் தட்டை அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து, தூளைத் தூவி, வழக்கமான நேரத்தோடு பத்து நிமிடம் கூட்டி ஓவனில் வையுங்கள். மிஞ்சியதை மூன்று நாளுக்குள் நடுப்பகுதி கொதிக்கும்வரை சூடாக்கிச் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

இதைப் பொரித்த கோழியோடும் வெள்ளைச் சோற்றோடும் பரிமாறலாம். சோற்றோடு வைப்பதானால் பக்கத்தில் எலுமிச்சை ஊறுகாயோ தக்காளிச் சம்பலோ இருக்கட்டும், பாலின் கனத்தை அந்தப் புளிப்பு சமன்செய்யும். எங்கள் வீட்டில் அதிகம் விரும்பப்படுவது காலையில் சுட்ட தேங்காய் ரொட்டியோடுதான்: ரொட்டி கல்லில் இருக்கும்போதே ஒரு பாதியில் இரண்டு கரண்டி கீரையைப் பரப்பி, மறு பாதியை மடித்து, இரு புறமும் ஒரு நிமிடம் அழுத்திச் சுட்டெடுத்தால், முந்தின நாள் மிஞ்சியது தட்டில் தங்குவதில்லை.